பழைய ஸ்பானியத் தொலைபேசி ரசீதை ஆங்கிலத்தில் பெயர்ப்பது

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பெயினில் 1960களிலும் 70களிலும் வீட்டுக்கு வந்த தொலைபேசிக் கட்டண ரசீதுகளை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டிய தேவை இன்றும் எழுகிறது. தாத்தா விட்டுச்சென்ற காகிதக் கட்டைப் பிரித்துப் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கும், இன்னார் இன்ன ஆண்டில் இன்ன முகவரியில் குடியிருந்தார் என்று நிறுவ வேண்டிய வழக்கறிஞர்களுக்கும், பழைய நிறுவனக் கணக்குகளை ஆராய்பவர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது. அந்த ரசீதில் உள்ள சொற்கள் பெரும்பாலும் இன்றைய ஸ்பானிய அகராதியிலும் இருக்கின்றன என்பதுதான் சிக்கலே. சொல் தெரிந்ததாக இருப்பதால் மொழிபெயர்ப்பவர் தயங்காமல் எழுதிவிடுகிறார். பொருளோ தடம் மாறிப்போகிறது.

அந்தச் சொற்களை வழங்கியது ஒரே நிறுவனம். அமெரிக்காவின் ஐ.டி.டி. நிறுவனத்தின் துணையோடு 1924 ஏப்ரலில் மாட்ரிட்டில் தொடங்கப்பட்ட ஸ்பானியத் தேசியத் தொலைபேசி நிறுவனம், அதாவது எல்லோரும் சுருக்கமாகத் தெலெஃபோனிகா என்று அழைத்த நிறுவனம், 1945இல் ஐ.டி.டி.யின் பங்குகளை அரசே வாங்கிய பிறகும், 1998 டிசம்பரில் தொலைபேசிச் சந்தை போட்டிக்குத் திறந்துவிடப்படும் வரையிலும், நாட்டின் தொலைபேசியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தன் கையில் வைத்திருந்தது. ஆகவே அதன் அலுவலக வழக்கே மக்கள் வழக்காகவும் ஆயிற்று.

முதலில் ‘பாசோ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நேர்ப்பொருளில் அது காலடி, ஒரு எட்டு. அழைப்புகளைத் தானாகவே இணைத்துவிடும் தானியங்கி இணைப்பகத்தில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சிறு மீட்டர் இருந்தது. இலக்கச் சக்கரங்கள் வரிசையாகப் பொருந்தியிருக்கும் அந்த மீட்டருக்கு, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு மின்துடிப்பு வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் கடைசிச் சக்கரம் ஓர் இலக்கம் நகரும். அந்த ஒரு நகர்வுதான் ஒரு பாசோ. தொலைவு கூடினால் ஒரு பாசோவின் விலை கூடாது. துடிப்புகளுக்கு இடையிலான நேரம் குறையும். அதனால் உள்ளூர் அழைப்பில் மீட்டர் நிதானமாக நகரும், தொலைவூர் அழைப்பில் விரைந்து ஓடும். ரசீது போடும் நாளில் மீட்டர் காட்டும் எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்து, வந்ததை ஒரு பாசோவின் விலையால் பெருக்குவார்கள். உதாரணத்துக்கு, முன்பு 4812 என்று இருந்த மீட்டர் இப்போது 5127 என்று காட்டினால், 315 பாசோ. ஒரு பாசோ 4 பெசெட்டா (அன்றைய ஸ்பானிய நாணயம்) என்று வைத்துக்கொண்டால் 1260 பெசெட்டா. இவ்வளவுதான் கணக்கு.

இந்த இயக்கம் மனதில் இல்லாதவர், பாசோவை ‘நிமிடம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார். அது வெறும் சொல் பிழையாக நிற்பதில்லை, சான்றையே திரித்துவிடுகிறது. 315 நிமிடம் பேசினார் என்று நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஓர் ஆவணம் பொய்யான ஆவணம். 315 பாசோவிலிருந்து அவர் எவ்வளவு நேரம் பேசினார், எந்த ஊருக்குப் பேசினார் என்று யாராலும் சொல்ல முடியாது. பிரிட்டனிலும் இதே போன்ற மீட்டர் முறைதான் இருந்தது. அங்கே ரசீதில் ‘யூனிட்’ என்று எழுதினார்கள். அமெரிக்காவின் சில நகரங்களில் உள்ளூர் அழைப்புக்கு ‘மெசேஜ் யூனிட்’ என்ற வழக்கு இருந்தது. பிரிட்டிஷ் வாசகருக்கு ‘யூனிட்’ என்றும், பொறியியல் ஆவணமாக இருந்தால் ‘மீட்டர் பல்ஸ்’ என்றும் எழுதுவதே சரி என்பது என் முடிவு.

அடுத்தது ‘கோன்ஃபெரென்சியா’. இன்றைய ஆங்கிலக் காதுக்கு இது பலர் ஒரே இணைப்பில் கூடிப் பேசும் ‘கான்ஃபரன்ஸ் கால்’ என்றே ஒலிக்கும். பழைய ஸ்பெயினில் ‘கோன்ஃபெரென்சியா போடுவது’ என்றால், வெளியூருக்கு ஒரே ஒருவரை அழைப்பதுதான். தொடக்கத்தில் அதை ஆபரேட்டர்தான் போட்டுக் கொடுத்தார். நம்மூரில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த ‘டிரங்க் கால்’ நினைவிருப்பவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தச் சொல் பிரிட்டிஷ் தபால் துறையிடமிருந்து நமக்கு வந்தது, கோன்ஃபெரென்சியாவுக்குப் பொருத்தமான பிரிட்டிஷ் ஆங்கிலமும் அதுவே. அமெரிக்கர் படிக்கப் போகிறார் என்றால் ‘லாங் டிஸ்டன்ஸ் கால்’.

ஆபரேட்டர் கையால் போட்ட இந்த அழைப்புகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு எழுதப்பட்டது. ஊர், தேதி, நிமிடம் எல்லாம் அதில் இருக்கும். எனவே ஒரே ரசீதில் கோன்ஃபெரென்சியாக்களுக்கு நிமிடமும், தானாகச் சுழற்றிப் பேசிய அழைப்புகளுக்குப் பாசோவும் இடம்பெறக்கூடும். இரண்டையும் ஒரே அளவாக்கி எழுதுவது, ஆவணத்தின் வயதையே அழித்துவிடும் செயல். கைமுறை இணைப்பகங்கள் ஸ்பெயினில் நெடுங்காலம் நீடித்தன. கடைசியாக எஞ்சியிருந்தது கிரனாடா மாகாணத்துப் போலோபோஸ் என்ற சிற்றூரில், 1988 டிசம்பரில்தான் மூடப்பட்டது.

கோன்ஃபெரென்சியாவைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. ‘கோப்ரோ ரெவெர்தீதோ’ என்பது கட்டணத்தை எதிர்முனையில் இருப்பவர் கொடுக்கும் அழைப்பு. பிரிட்டனில் ‘ரிவர்ஸ் சார்ஜ்’, அமெரிக்காவில் ‘கலெக்ட்’. இன்ன ஆள் வந்தால் மட்டும் இணைப்புக் கொடு என்று கேட்பது ‘ப்ரெயாவிசோ’. இது நாம் அறிந்த பி.பி. கால். ஆனால் ‘அவிசோ தே கோன்ஃபெரென்சியா’ என்பதை இதோடு குழப்பிவிடக் கூடாது. வீட்டில் தொலைபேசி இல்லாத ஒருவருக்கு, இன்ன நேரத்தில் ஊரின் பொதுத் தொலைபேசி நிலையத்துக்கு வந்து காத்திருங்கள், உங்களுக்கு அழைப்பு வரும் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிய ஏற்பாடு அது. ஆங்கிலத்தில் ‘மெசஞ்சர் கால்’ என்ற சொல் பன்னாட்டுத் தொலைபேசி விதிகளில் இதற்கென்றே இருந்தது. அதை விட்டுவிட்டு ‘கான்ஃபரன்ஸ் அறிவிப்பு’ என்று எழுதினால், செய்தியைச் சுமந்து வீதியில் நடந்து வந்த மனிதர் ஆவணத்திலிருந்து காணாமல் போகிறார்.

‘அபோனோ’ வேறு வகையான பொறி. அந்தச் சொல்லுக்கு எரு என்றும் பொருள் உண்டு, கணக்கேட்டில் வரவு என்றும் பொருள் உண்டு, சந்தா என்றும் பொருள் உண்டு. தொலைபேசி ரசீதில் ‘குவோத்தா தே அபோனோ’ என்று வந்தால், பேசினாலும் பேசாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான தொகை. பிரிட்டிஷ் வழக்கில் ‘லைன் ரெண்டல்’. இதை வரவு என்று எடுத்துக்கொண்டால், வாடிக்கையாளர் கட்டிய பணம் அவருக்குத் திருப்பித் தரப்பட்டதாக ஆகிவிடும்! மெக்சிகோவில் இதே தொகைக்கு ‘ரெந்தா’ என்று பெயர், ஆனால் ஸ்பெயினில் ரெந்தா என்றதும் மக்கள் வருமான வரியைத்தான் நினைப்பார்கள். எனவே ரசீது எந்த நாட்டில் அச்சிடப்பட்டது என்பதைப் பார்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

‘சுப்லெத்தோரியோ’ என்பது கூடுதல் கட்டணம் அல்ல. வீட்டின் இன்னோர் அறையில் வைத்த இரண்டாவது கருவி, அதாவது எக்ஸ்டென்ஷன். ‘மெத்ரோபொலித்தானா’ என்பது உள்ளூர் அழைப்பு. ‘ப்ரொவின்சியால்’ என்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் ஈடில்லை என்று ஒப்புக்கொண்டு, ‘மாகாணத்துக்குள் அழைப்பு’ என்று விரித்து எழுதுவதே நேர்மை. ஸ்பெயினின் கட்டணம் மாகாண எல்லையைப் பார்த்தது. 1998 ஏப்ரல் 4 வரை மாகாணத்துக்குள் பேச மாகாணக் குறியீட்டு எண் தேவைப்படவில்லை. அதன் பிறகுதான் எங்கிருந்து அழைத்தாலும் ஒன்பது இலக்கமும் கட்டாயம் ஆயின. ஆகையால் பழைய ரசீதில் ஆறு அல்லது ஏழு இலக்க எண்ணைக் கண்டால், விடுபட்ட இலக்கங்களை நாமாகச் சேர்த்து ‘சரிசெய்யக்’ கூடாது.

ரசீதில் வரும் வரித் தொகையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மதிப்புக் கூட்டு வரி ஸ்பெயினில் 1986 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. 1979 ரசீதில் உள்ள வரியை மொழிபெயர்ப்பாளர் ‘வாட்’ என்று எழுதினால் அது காலப்பிழை. பெசெட்டாவை மொழிபெயர்ப்பின் உடலுக்குள்ளேயே யூரோவாக மாற்றுவதையும் நான் ஏற்பதில்லை. ஒரு யூரோவுக்கு 166.386 பெசெட்டா என்று பின்னாளில் நிர்ணயித்த விகிதம், 1965இல் ஒரு குடும்பம் கொடுத்த பணத்தின் மதிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இவற்றையெல்லாம் ஊகித்து எழுத வேண்டியதில்லை. தொலைபேசிக் கட்டண ஆணைகள் ஸ்பெயினின் அரசிதழில் வெளியாயின. பழைய இதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ரசீதின் தேதிக்கு முந்தைய ஆணையைத் தேடிப் படித்தால், எந்தச் சொல் எதற்கான கட்டணம் என்பது அங்கேயே விளங்கும். ஆங்கிலப் பக்கத்துக்கு அதே காலத்துப் பிரிட்டிஷ் தொலைபேசிக் கையேடுகளின் முன்பக்கங்கள் போதும். மூலச் சொல்லை ஸ்பானியத்திலேயே சாய்வெழுத்தில் ஒருமுறை கொடுத்து, பக்கத்தில் அந்தக் காலத்து ஆங்கிலத்தை வைத்து, கீழே ஒரு வரிக் குறிப்பு எழுதுவது என் வழக்கம். மெக்சிகோவில் உள்நாட்டுத் தொலைவூர் அழைப்புக்கான தனிக் கட்டணம் 2015 ஜனவரி 1 முதல் நீங்கிவிட்டது. எனவே ‘லார்கா திஸ்தான்சியா’ என்று அச்சிட்ட அந்நாட்டு ரசீதுகளுக்கும் இனி இத்தகைய குறிப்பு வேண்டும்.