மூன்று குடம் தண்ணீர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மலைச் சுற்றுலாவும் சுற்றுச்சூழலும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கொடைக்கானலில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதைப் பற்றிப் பேசச் சொன்னாலும் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்றைக்கும் அதுதான் நடக்கப்போகிறது.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் குடும்பத்தோடு மலையேறுகிறீர்கள். வத்தலக்குண்டு தாண்டி, டம் டம் பாறையில் ஒரு டீ, வெள்ளி அருவியில் ஒரு போட்டோ, அப்புறம் லாட்ஜ். அறைக்குள் போனதும் அம்மா முதலில் பார்ப்பது ஹீட்டரைத்தான். வெந்நீர் வருகிறதா? வருகிறது. ஒரு வாளி, இரண்டு வாளி, குழந்தைக்கு இன்னொரு வாளி. அந்த வாளித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மே மாதத்தில் அது பெரும்பாலும் லாரியில் வந்த தண்ணீர்.

7,000 அடி உயரத்தில், மேகம் வந்து ஜன்னலைத் தட்டும் ஊரில், தண்ணீர் லாரி. கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். விஷயம் இதுதான்: எங்களுக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். கூட்டம் வருவது சித்திரை, வைகாசியில். இடையில் ஐந்தாறு மாதம் அந்த மழையை யாராவது பத்திரமாக வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அணைகள் உண்டு, ஆனால் சின்னவை. மலைக்கு அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவந்தது சோலையும் புல்வெளியும்.

சோலை என்றால் பூங்கா இல்லை. மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டை மரங்களும் பாசியும் பெரணியுமாக இருட்டிக் கிடக்குமே, அந்தக் காடு. அதற்கு மேலே சரிவெல்லாம் புல். குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில்தான். 2018ல் பூத்தது, இனி 2030. புல்வெளியைப் பார்த்தால் சும்மா கிடக்கிற நிலம் என்று தோன்றும். வெள்ளைக்காரனுக்கும் அப்படித்தான் தோன்றியது. தரிசு என்று எழுதி வைத்துவிட்டுப் பைன், யூக்கலிப்டஸ், வாட்டில் என்று வெளிநாட்டு மரங்களை நட்டான். நாமும் தொடர்ந்து நட்டோம். ஆகவே எல்லாப் பழியையும் சுற்றுலாக்காரர் தலையில் போட நான் வரவில்லை. ஆனால் மிச்சமிருக்கும் புல் சரிவுகள் இன்று காட்டேஜ் போடத் தோதான இடமாகத் தெரிகின்றனவே, அது சுற்றுலாவால்தான்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தேன். மூன்று குடம் தண்ணீர். முதல் குடத்தைப் பள்ளிக்கூடத்து சிமென்ட் தளத்தில் கொட்டினோம். குடம் காலியாகும் முன்பே தண்ணீர் சாக்கடைக்குப் போய்விட்டது. மற்ற இரண்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, வனத்துறையிடம் அனுமதி வாங்கி, பேரிஜம் ரோட்டில் போனோம். பைன் காட்டில் இறங்கி இரண்டாவது குடத்தைக் கொட்டினோம். நீங்களெல்லாம் போட்டோ எடுக்கும் பைன் காட்டுத் தரையை நினைத்துக்கொள்ளுங்கள், பழுப்பு ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கும். தண்ணீர் அந்த ஊசிகள்மேல், கூரையில் வழிகிற மாதிரி சரசரவென்று வழிந்து, கொஞ்சம் உள்ளே இறங்கியது, மீதி எங்கள் செருப்பை நனைத்துக்கொண்டு பாதைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது குடம் சோலை ஓரத்தில். கொட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. வழியவுமில்லை, தேங்கவுமில்லை. குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தான் ஒரு பையன், நான் ஏதோ ஏமாற்றிவிட்டேன் என்ற நினைப்பில். அப்புறம் குனிந்து கறுப்பு மண்ணை ஒரு கை அள்ளிப் பிழிந்தான். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. "சார், இட்லித் துணி மாதிரி இருக்கு சார்" என்றான். "மிச்சத் தண்ணி எங்க சார் போச்சு?" என்று கேட்டான். "பெரியகுளத்துக்குப் போய்க்கிட்டு இருக்குடா, போய்ச் சேர நாளாகும்" என்றேன். பொய்யில்லை. மலையடிவாரத்தில் இருக்கும் பெரியகுளத்துக்குப் பேரிஜம் ஏரித் தண்ணீரும் குடிநீராகப் போகிறது. அந்த ஊர்க்காரர் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் சொம்பில் இருப்பது எங்கள் சோலை பிழிந்து கொடுத்தது.

கதை அதோடு முடியவில்லை. அந்த இட்லித் துணிப் பையனைப் பல வருஷம் கழித்து எங்கள் ஊர் ஏழு ரோடு சந்திப்பில் பார்த்தேன். தண்ணீர் லாரி ஓட்டுகிறான். வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து, "சீசன்ல தூங்க நேரமில்ல சார்" என்றான். தண்ணீர் எங்கே எடுக்கிறாய் என்று கேட்டேன். ஒரு கிராமத்தில் ஒருவர் தோட்டத்து ஊற்றாம். "அவரு மலைப்பூண்டு போட்டுக்கிட்டு இருந்தாரு சார். இப்ப பூண்டவிடத் தண்ணி லாபம்னு விட்டுட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தான். "நீங்க ஊத்துன தண்ணியத்தான் சார் நான் விக்கிறேன்." நான் என்ன பதில் சொல்ல முடியும்? எங்கள் பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம், 2019ல். ஊற்றுக்கு எந்தக் குறியீடு வாங்குவது?

சரி, கணக்குக்கு வருவோம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் சீசனுக்கு, கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். 4,000 வண்டிக்கு நாலு பேர் என்று வையுங்கள், 16,000 பேர். 2011 கணக்கெடுப்பில் எங்கள் நகர மக்கள்தொகையே 36,501தான். நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. 16,000 பேருக்கு ஒரு நாளைக்கு 20 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. பாதிப் பேர் அன்றைக்கே இறங்கிவிட்டாலும் 10 லட்சம். அதுவும் ஊற்று மெலிந்து கிடக்கும் மாதத்தில். வண்டியை எண்ணியது நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் முதலில் எண்ண வேண்டியது மே மாதத்து ஊற்றை. அதில் எத்தனை வாளி இருக்கிறதோ அத்தனை கட்டில். என் மச்சான் ஒருவர் லாட்ஜ் வைத்திருக்கிறார், இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ராத்திரி போன் வரும்.

உள்ளே போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டுமே? அந்தப் பக்கம் வருகிறேன். நட்சத்திர வடிவ ஏரி இருக்கிறதல்லவா, அது இயற்கை ஏரி இல்லை. 1863ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கியது. ஊரின் பள்ளத்தில் இருப்பதால் சுற்றியுள்ள சரிவில் எது வழிந்தாலும் அங்கேதான் வரும். முன்பு ஓடைத் தண்ணீர் வந்தது. இப்போது குளியலறைத் தண்ணீரும் சேர்ந்து வருகிறது. அந்தக் கழிவில் இருக்கும் சத்தைத் தின்றுதான் ஏரியில் செடி மண்டுகிறது. படகுத் துடுப்பில் சுற்றிக்கொள்கிறதே, அதுதான். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் எங்கே போகிறது? வெள்ளி அருவிக்கு. மலையேறும்போது இறங்கிப் போட்டோ எடுத்தீர்களே, முகம்கூடக் கழுவினீர்களே, அந்த அருவிதான். போன வாரம் உங்களுக்கு முன்னால் வந்த குடும்பம் குளித்த தண்ணீரும் அதில் கொஞ்சம் இருக்கும். பயமுறுத்தவில்லை, நில அமைப்பைச் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷம். கட்டடம் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அனுமதி மீறிக் கட்டி, கோர்ட் உத்தரவில் சீல் வைத்தது, பிறகு நடந்தது எல்லாம். அதை இன்னொரு நாள் பார்ப்போம். பிளாஸ்டிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய். 20 ரூபாய்தானே என்று கட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் கேனில் கொண்டுவாருங்கள்.

காட்டுமாடு ராத்திரியில் ஏரிச் சாலைக்கு இறங்கிவந்து குப்பைத் தொட்டியில் சோளக் கதிர் மட்டை தேடுவதைத்தான் கடைசியாக விரிவாகச் சொல்ல இருந்தேன். ஒரு தடவை எங்கள் வாசலில் நின்ற மாட்டின் வாயில் சிப்ஸ் உறை பாதி உள்ளே, பாதி வெளியே. என் மனைவி விளக்கைப் போட்டதும்... தம்பி ஒரு விரலையும் மடக்கிவிட்டார். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.