தடுப்பூசி போடாததுக்கு வேலையை விட்டு நிறுத்த முடியுமா? சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்லுது

[திரையில்: வேலைநீக்கக் கடிதம் ஒண்ணு. ஒரே ஒரு வரி மட்டும் மஞ்சள் கோட்டில்.]

"வேலையிடத்துக்கு வர இயலாத காரணத்தால், ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்து உங்கள் வேலை முடிவுக்கு வருகிறது."

இது நாங்க மாதிரிக்கு எழுதின கடிதம். தடுப்பூசி பத்தி இதுல ஒரு பேச்சே இல்ல, கவனிச்சீங்களா? ஏன் இல்லன்னு புரிஞ்சுட்டா பாதிச் சிக்கல் தீர்ந்துடும்.

[திரையில்: 2022 ஜனவரி நாள்காட்டி]

கொரோனா காலத்துல பெரியவங்க எல்லாரும் ஊசி போட்டே ஆகணும்னு சிங்கப்பூர் சட்டம் போடல. கட்டுப்பாடு வந்தது வேலையிடத்து வாசல்ல. 1 ஜனவரி 2022லேருந்து முழுசா ஊசி போட்டவங்களும், அண்மையில தொற்று வந்து குணமானவங்களும், உடம்பு ஒத்துக்காததால போட முடியாதவங்களும்தான் உள்ள வரலாம். போடாதவங்க கைக்காசு போட்டுப் பரிசோதனை பண்ணிட்டு வரலாம்னு ஒரு சந்து விட்டிருந்தாங்க. ஜனவரி 15லேருந்து அதையும் அடைச்சுட்டாங்க.

கணக்கு எழுதுறவர் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். துவாஸ்ல கப்பலுக்கு வெல்டிங் வைக்கிறவர் என்ன பண்ணுவார்?

மனிதவள அமைச்சு, தொழிற்சங்கங்களோட கூட்டமைப்பான என்டியுசி, முதலாளிகள் சம்மேளனம், இந்த மூணும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு இதுக்கு வழி சொன்னது. வீட்டுலேருந்து செய்யக்கூடிய வேலைன்னா செய்ய விடுங்க. இல்லன்னா அப்படிச் செய்யக்கூடிய வேற வேலைக்கு மாத்துங்க. இல்லன்னா ரெண்டு தரப்பும் பேசி ஒத்துக்கிட்டு சம்பளமில்லா விடுப்பு. ஒண்ணும் சரிவரலன்னா, கடைசியா, ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம். வேலையிடத்துக்கு வர முடியலங்கிறதுக்காக அப்படி நிறுத்தினா அது தவறான பணிநீக்கம் ஆகாதுன்னும் அந்தக் குறிப்பு சொன்னது. அதனாலதான் கடிதத்துல அந்த வரி.

"ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு"ன்னு எழுதுறது ரொம்பச் சுலபங்க. ஊருல கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிட்டு வந்து தங்குவிடுதியில படுத்திருக்கிற ஆளு, முதலாளி நீட்டுற தாள்ல கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லிடுவாரா?

[திரையில்: 26 ஏப்ரல் 2022]

இந்தத் தேதியில அந்த வாசல் கட்டுப்பாடு போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு கம்பெனி கோவிட் ஊசி கேட்டா, அது கம்பெனியோட சொந்த விதி. வைக்கலாம், ஆனா வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்டுதான். "அரசாங்கம் சொல்லுது"ன்னு யாராவது சொன்னா, எந்த விதின்னு எழுத்துல கேளுங்க.

வேலையே போயிடுச்சுன்னா? கடிதத்துல காரணம் இருக்கான்னு முதல்ல பாருங்க. காரணம் சொல்லாம, முறையா நோட்டீஸ் கொடுத்து நிறுத்தினா அது தவறில்லன்னுதான் பொதுவா எடுத்துக்குவாங்க. கேட்கவே கசப்பா இருக்கு, ஆனா நடைமுறை அதுதான். காரணம் எழுதியிருந்து அது பொய்னு நீங்க நிரூபிச்சா, நிலைமை தலைகீழ். ஒழுங்கா வேலை செஞ்சவரை "வேலை சரியில்ல"ன்னு எழுதி அனுப்பியிருந்தா, பழைய மதிப்பீட்டு அறிக்கை, வாட்ஸாப்ல சூப்பர்வைசர் பாராட்டின செய்தி, எல்லாத்தையும் எடுத்து வைங்க.

நோட்டீஸ் எத்தனை நாள்னு ஒப்பந்தத்துல இல்லன்னா சட்டமே சொல்லுது: வேலைக்குச் சேர்ந்து 26 வாரம் ஆகலன்னா 1 நாள், 2 வருஷம் ஆகலன்னா 1 வாரம், 5 வருஷம் ஆகலன்னா 2 வாரம், அதுக்கு மேல 4 வாரம்.

புகாரை டிஏடிஎம்கிற முத்தரப்பு பூசல் தீர்வு அமைப்புல கொடுக்கணும். கெடு ஒரே மாசம். கடிதம் வந்த நாள்லேருந்து இல்ல, வேலையோட கடைசி நாள்லேருந்து எண்ணணும். மார்ச் 10 கடைசி நாள்னா ஏப்ரல் 10க்குள்ள. சமாதானப் பேச்சு முதல்ல, சரிவரலன்னா நடுவர் மன்றம். வழக்கமா 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் கோரலாம், தொழிற்சங்கம் மூலமா போனா 30,000. மேனேஜர், எக்சிகியூட்டிவா இருந்து நோட்டீஸோட நிறுத்தப்பட்டவங்கன்னா, குறைஞ்சது 6 மாசம் வேலை செஞ்சிருக்கணும்.

2025 ஜனவரியில நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேத்துச்சே, அது காப்பாத்தாதான்னு கேக்கறீங்களா? வயசு, இனம், சமயம், கர்ப்பம், உடற்குறைன்னு அதுல ஒரு பட்டியல் இருக்கு. தடுப்பூசி அந்தப் பட்டியல்ல இல்ல.

வொர்க் பெர்மிட்காரங்களும் வேலை நியமனச் சட்டத்துக்குள்ள வருவாங்க. வீட்டுப் பணிப்பெண்களும் கப்பல் மாலுமிகளும் வரமாட்டாங்க. வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பிரச்சினைன்னா நேரா மனிதவள அமைச்சுக்குத்தான் போகணும்.