பாடத்துக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள்

(பெருந்துறைப் பக்கம் நடந்த அறிவியல் ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளைப் பற்றிய விவரங்கள் நம் கைக்கு வந்துவிடுகின்றன. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தகவல் பதிவில் பிறந்த தேதி இருக்கிறது, பெற்றோர் பெயர் இருக்கிறது, போன வருட மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அறிவியல் வகுப்புக்குள் நுழையும்போது அந்தப் பிள்ளை எதையெல்லாம் பார்த்து, தொட்டு, யோசித்துவிட்டு வருகிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு ஒரு தாளும் ஒரு பாடவேளையும் போதும்.

டேவிட் ஆசுபெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இலேயே இதை அழுத்தமாகச் சொன்னார். மாணவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் கற்றலில் முதலில் நிற்கும் காரணி, அதைக் கண்டுபிடித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுங்கள் என்றார். நம் கொங்குச் சீமைக்கு இது மிகவும் பொருந்தும். சோமனூர்ப் பிள்ளை விசைத்தறிச் சத்தத்தில் வளர்கிறது. கவுந்தப்பாடிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கரும்புச் சாறு எந்தப் பதத்தில் இறக்கினால் சர்க்கரையாகும் என்று தெரியும். காங்கயத்தில் கொப்பரைக் களம், கோவையில் வார்ப்படப் பட்டறை. ஆவியாதல், வெப்பம், உராய்வு எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கின்றன. நாமோ பல நேரம் அதைத் தெரிந்துகொள்ளாமலே கரும்பலகையில் வரையறை எழுதுகிறோம்.

சரி, என்ன கேட்பது? "அறிவியல் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்க வேண்டாம். கேட்பது அறிவியல் டீச்சர் என்பதால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் எழுதுவார்கள். அப்பா என்ன வேலை, வீட்டில் என்னென்ன வசதி என்பதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விகளில் கூனிக் குறுகும் பிள்ளைகள் உண்டு. மாறாக, "உன் வீட்டிலோ தெருவிலோ யார் எதை நன்றாகச் செய்வார்கள்? அதில் உனக்கு எது செய்யத் தெரியும்?" என்று கேளுங்கள். "எந்தப் பொருளைக் கழற்றிப் பார்த்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். வெட்கப்படாமல், கொஞ்சம் பெருமையோடு எழுதுவார்கள்.

பாடத்தோடு நேராகத் தொடர்புள்ள கேள்வியும் ஒன்றிரண்டு வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவது பற்றியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. ஆயிரம் அடி தாண்டிப் போர் போட்ட தோட்டங்கள் நம் ஊரில் ஏராளம். ஆகவே, "பூமிக்கடியில் தண்ணீர் எப்படி இருக்கிறது? படம் வரை. போர் போடும் இடத்தை உங்கள் ஊரில் எப்படி முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்கலாம்.

பல பிள்ளைகள் பாறைக்குள் ஒரு ஆறு ஓடுவதுபோல வரைவார்கள். நம் காலடியில் இருப்பது கடினப்பாறை. மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்குகிறது. வெடிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால்தான் ஒரு தோட்டத்தில் தண்ணீர் வந்து பக்கத்துத் தோட்டத்தில் வெறும் புழுதி பறக்கிறது. அந்த ஆற்றுப் படத்தைப் பார்க்காமல் நிலத்தடி நீர்ப் பாடம் எடுத்தால், பிள்ளை தேர்வுக்கு ஒரு படத்தையும் மனதுக்கு ஒரு படத்தையும் வைத்துக்கொள்ளும்.

இடம் பார்ப்பதைப் பற்றி எழுதும்போது உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பவர் வருவார், வேப்பங்குச்சிக்காரர் வருவார். அப்படிப் பார்ப்பவர் ஒரு பிள்ளையின் தாத்தாவாகக்கூட இருக்கலாம். அங்கே "மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் முடித்தால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாயைத் திறக்காது. அதற்குப் பதிலாக வகுப்பையே ஒரு சோதனை வடிவமைக்கச் சொல்லலாம். பத்து வாளிகளை மூடி வைத்து, சிலவற்றில் மட்டும் தண்ணீர். எதில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்கும் தெரியக் கூடாது, கூட நிற்பவருக்கும் தெரியக் கூடாது. குருட்டாம்போக்கில் சொன்னாலே எத்தனை சரியாக வரும், எத்தனை முறை செய்தால் நம்பலாம் என்று அவர்களே வாதாடட்டும். கட்டுப்பாட்டுச் சோதனை என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் நடத்த முடியாது. அது பிள்ளைகள் எழுதிய பதிலிலிருந்தே பிறக்கிறது.

இன்னொரு கேள்வி கண்ணைப் பற்றியது. கரும்பலகை தெரிகிறதா என்பதோடு, "பழுத்த தக்காளியையும் காயையும் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடிகிறதா?" என்றும் சேருங்கள். சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். லிட்மஸ் தாள், சுடர்ச் சோதனை, பிஎச் தாள் என்று நம் ஆய்வகமே நிறத்தில் நிற்கிறது. நிறம் தெரியாத பையன் கவனிக்காமல் இருக்கிறான் என்று திட்டு வாங்குகிறான். தாளில் சந்தேகம் வந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். வகுப்பில் வெங்காயத்தை நிறங்காட்டியின் இடத்தில் வையுங்கள். காரக் கரைசல் பட்டால் அதன் வாசம் மங்கும், அமிலத்தில் அப்படியே இருக்கும். அவனும் மூக்கை வைத்துச் சோதனை செய்வான்.

தாளின் பின்பக்கம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லுங்கள். டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் வரைந்த படங்களில் 28 படங்களில்தான் பெண் விஞ்ஞானி இருந்தார். அந்த 28ஐயும் வரைந்தவர்கள் பெண் பிள்ளைகள். உங்கள் வகுப்பில் என்ன வருகிறது என்று பாருங்கள். 1912இல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்புக் காட்டுப் பிள்ளைக்கு "எண்பத்தாறு முப்பத்திரண்டு" என்ற ரகம் நன்றாகவே தெரியும். அதே நிலையத்தின் ரகம்தான் அது என்று சொன்னால் விஞ்ஞானி பக்கத்து ஊருக்கு வந்துவிடுவார்.

திருப்பூர், கோவைப் பக்கம் பணியாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் இந்தியும் ஒடியாவும் வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்த எழுத்தில் எழுதட்டும், இல்லாவிட்டால் வரையட்டும். படிக்கத் தெரிந்தவரைப் பிடித்துப் படிப்பது நம் வேலை.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஐந்தாறு கேள்விக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் நம் முகத்துக்குப் பழகிய பிறகு, இரண்டாம் வாரத்தில் கொடுங்கள். காகிதமே நல்லது, எல்லா வீட்டிலும் போன் பிள்ளை கைக்கு வருவதில்லை. பயம், சங்கடம் பற்றிய கேள்விகளைப் பெயர் எழுதாத தனித் தாளில் வாங்குங்கள். ஒருவேளை அதில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடம் பேசுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். மற்றபடி தாளில் இருப்பது ஆசிரியர் அறைப் பேச்சாகக் கூடாது. ஒரு முறை வெளியே கசிந்தால் அடுத்த வருடம் யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

பெயர் சொல்லாமல் கூட்டிய விடைகளை வகுப்பில் பட்டை வரைபடமாக வரையச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு பாடமாவது அந்தப் பதில்களால் மாற வேண்டும், அது பிள்ளைகளுக்குத் தெரியவும் வேண்டும்.

கடைசியாக, "யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று" என்று ஓரிடம் விடுங்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நொய்யல் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். "சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ணினதுக்கப்புறம் அந்த உப்பு எங்கே போகுது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அது நம் எல்லோருக்குமான கேள்வி. சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். நமக்குத் தெரியாததை அவர் சொல்வார்.

பின்வரிசை மேசையில் மாதிரித் தாள்கள் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஊருக்கேற்ப மாற்றுங்கள். நாமக்கல்காரர்கள் கோழிப்பண்ணையைச் சேருங்கள், வால்பாறைக்காரர்கள் தேயிலையைச் சேருங்கள். அரையாண்டு முடிந்ததும் அதே கேள்விகளை மறுபடி கொடுத்து, இரண்டு தாளையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.