எந்த இசக்கியம்மாள்?

(பாளையங்கோட்டையில் செவிலியர்களிடையே பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். உங்களில் பல பேர் நைட் டியூட்டி முடித்து நேரே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்துப் பெண்கள் வார்டில் நின்று "இசக்கியம்மா" என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆண்கள் வார்டில் சுடலைமுத்து. குலசாமி பேரை வைப்பது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் மருந்துத் தட்டோடு போகிறவருக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

"நீங்கதான இசக்கியம்மா?" என்று கேட்கிறோம். களக்காட்டிலிருந்து வந்த ஆச்சிக்குக் காது மந்தம். யூனிஃபார்மைக் கண்டாலே ஒரு பயம். எதைக் கேட்டாலும் "ஆமாம்மா"தான். அதை நம்பி ஊசி போடக் கூடாது. "உங்க பேரு என்ன ஆச்சி?" என்று கேளுங்கள், பேர் அவர் வாயிலிருந்து வரட்டும். அப்புறம் கைப்பட்டையில் இருக்கிற ஐ.பி. நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணை, கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பாருங்கள். கட்டில் நம்பரை நம்பவே வேண்டாம். ஃபேன் காற்றுக்காக அவர்களே மாறிப் படுத்திருப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சைக்கு வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குச் சிகிச்சையிலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது. அதில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை. 2019 முதல் செப்டம்பர் 17-ஐ நோயாளி பாதுகாப்பு நாளாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். மில்லிக்கு 100 யூனிட் மருந்தும் உண்டு; அதற்கு ஆரஞ்சு மூடி. அந்த 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை, அதாவது அரை மில்லி, இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளி தூங்குகிறார் என்று நாம் நினைத்திருப்போம். அவரோ சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, நினைவு தப்பிக் கிடப்பார்.

இப்படி நடந்தால் "கவனக்குறைவு" என்று ஒரு வரியில் மெமோ கொடுத்துவிடலாம். இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடந்ததே, அதை யார் கேட்பது? எத்தனை நோயாளிக்கு ஒரு சிஸ்டர் என்று யார் கேட்பது? ஆளை மாற்றிவிட்டு டிரேயை அப்படியே விட்டால், அடுத்த வாரம் இன்னொரு பிள்ளையின் கை அதே சிரிஞ்சைத்தான் எடுக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தப்பான சிரிஞ்சை எடுத்த ஜூனியர், ஊசி போடும் முன்பே தானாகக் கவனித்து மாற்றிவிடுகிறார். "நல்ல வேளை" என்று மூச்சு விட்டுவிட்டு யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் நோயாளிகள் முன்னாலேயே வசவு விழும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தால் அந்த வார்டு ஒரு எச்சரிக்கையை இழந்துவிடுகிறது. டாக்டர் போனில் சொன்ன டோஸ் ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று திருப்பிக் கேட்கத் தயங்குவதும் இதே பயத்தால்தான். எழுதிக்கொண்டு, "ஒன் ஃபைவ்தானே டாக்டர்?" என்று வாசித்துக் காட்டுங்கள். அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை டியூட்டி ஒப்படைக்கிற ஹேண்ட் ஓவரில் கேஸ் ஷீட்டைத் திறக்கும் முன், "ராத்திரி ஏதாவது தப்பு நடக்க இருந்துச்சாம்மா?" என்று கேளுங்கள். சொல்கிற பிள்ளைக்கு எல்லார் முன்னிலும் நன்றி சொல்லுங்கள். அவர் பேர் இல்லாமல் நோட்டில் எழுதிவையுங்கள். அன்றைக்கே அந்த டிரேயில் இருக்கிற இரண்டு வகை சிரிஞ்சையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.