தண்ணீர் மேசைக்குப் பின்னால் ஓரிடம்

(புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மருத்துவர்களே, செவிலியர்களே, சிகிச்சையை முடித்தவர்களே, இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களே, அவர்களுக்குத் துணையாக வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

"சிகிச்சைக்குப் பின் வாழ்க்கை" என்ற தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அது ஒரு நாள் முழுதும் பேசினாலும் தீராத தலைப்பு என்பதால், அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மாரத்தான், தடகளப் போட்டி, சதுரங்கப் போட்டி, பள்ளி விளையாட்டு விழா போன்ற இடங்களுக்குத் தொண்டராகப் போய் நிற்பது. உடல் தேறிக்கொண்டிருப்பவருக்கும் மைதானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவள் நான், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓட்டப்பந்தயத்தில் ஒரு சோப்புப் பெட்டிகூடப் பரிசு வாங்கியதில்லை. ஆனாலும் எனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அந்நாளில் இந்த நோய் வந்தவரைப் பற்றி வீட்டார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பிழைப்பாரா? பிழைத்தவர்கள் இவ்வளவு பேர் ஓர் அரங்கத்தில் கூடி உட்காரும் காலம் வந்த பிறகு, அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது: பிழைத்தவர் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்வார்? மருத்துவர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். அந்த மூன்று மாதத்துக்கு வீட்டார் சொல்லும் மருந்து ஓய்வு.

ஓய்வைப் பழிக்க நான் வரவில்லை. கீமோவின் களைப்பு வேலை செய்த களைப்பைப் போன்றதன்று, தூங்கி எழுந்தாலும் தீராது என்பதை அனுபவித்தவர்கள் அறிவோம். ஆனால் நோய் நம்மை ஓர் ஆண்டுக்கோ அதற்கும் மேலோ வெறும் பெறுபவராக ஆக்கிவிடுகிறது. ரத்தத்தைக் கொடுப்பவர் யாரோ, கஞ்சி வைப்பவர் யாரோ, காப்பீட்டுப் படிவத்தை நிரப்புபவர் யாரோ. ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கினால்கூட, "ஐயோ, நீங்க ஏன் எடுக்கறீங்க" என்று மருமகள் ஓடி வருவாள். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு, குரலை ஒரு படி இறக்கி, "எப்படி இருக்கீங்க?" என்பார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. இருந்தும், நம்மிடமிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்காத வீட்டில், நாளாக ஆக, நாமே நம்மிடம் எதையும் எதிர்பார்க்காமல் போய்விடுகிறோம்.

உடலின் பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால், அந்தக் கையால் பலமான வேலை எதையும் செய்யக் கூடாது, செய்தால் கை வீங்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதிக்க, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் திரட்டி, படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, பலர் வரிசையாக அமர்ந்து செலுத்தும் நீண்ட டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். மேல் உடம்பைத் திரும்பத் திரும்ப உழைக்க வைக்கும் வேலை அது. அவர்களில் ஒருவருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. அதன் பிறகு பல நாடுகளில் இத்தகைய படகு அணிகள் தோன்றிவிட்டன. அண்மைச் செய்தி இன்னும் கனமானது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரைக் கொண்டு பல ஆண்டுகள் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2025 ஜூனில் வெளியானது. பயிற்சியாளர் துணையோடு மூன்றாண்டு உடற்பயிற்சி செய்தவர்களில், ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80.3 விழுக்காடு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் அது 73.9 விழுக்காடு. வாரத்தில் சில நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடப்பதே அந்தப் பயிற்சியின் அளவுக்கு ஏறக்குறைய ஈடாகிவிடும். எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அசையாமல் இருப்பதுதான் பத்திரம் என்ற பழைய எண்ணத்துக்கு இனி ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நடக்கலாம் என்று தெரிந்துவிட்டால் தனியாகவே நடக்கலாமே, போட்டி நடக்கும் இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? ஓடுகிறவர், வேடிக்கை பார்க்கிறவர் என்று இரண்டே வகையினர்தான் அங்கே உண்டு என்று நினைப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. மூன்றாவது வகை ஒன்று இல்லாமல் எந்தப் போட்டியும் நடக்காது. இங்கிலாந்தில் 2004 அக்டோபர் 2ஆம் தேதி, லண்டனின் தென்மேற்குப் பகுதியில் உள்ள புஷி பூங்காவில், 13 பேர் ஓடிய ஒரு சிறிய சனிக்கிழமை ஓட்டம் நடந்தது. பின்னாளில் பார்க்ரன் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது அதுதான். அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹூயிட் அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தார். நண்பர்களை விட்டுப் பிரிய மனமில்லாமல், அவர்கள் ஓடுவதற்கு நேரம் குறிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். ஓட முடியாத ஒருவர் கடிகாரத்தைக் கையில் பிடித்ததால் உண்டான இயக்கம் அது. அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளாக, ஒரு தொண்டர் நடந்து வருவார். அதனால் கலந்துகொண்டவர் எவரும் கடைசியாக வந்தவர் ஆவதில்லை. மெதுவாக நடப்பதே அந்தத் தொண்டரின் கடமை. கீமோ முடித்துச் சில மாதங்களான ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் ஜனவரி மாதம் நடக்கும் மாரத்தானில், பொழுது விடிவதற்கு முன்பே, தெருவிளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் மேசை போடுவார்கள். காகிதக் கோப்பையில் பாதிதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் ஓடுகிறவர் சட்டையில்தான் போகும். கோப்பையின் அடிப்பாகத்தை நாம் பிடித்துக்கொண்டு, விளிம்பை அவருக்கு விட்டுக் கையை நீட்ட வேண்டும். அவர் ஓட்டத்தை நிறுத்தாமல் பிடுங்கிக்கொண்டு போவார். கீமோவில் ஏற்றிய பாக்லிடாக்சல் மருந்தால் என் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. கோப்பையைப் பிடித்திருக்கிறேனா, நசுக்கிக்கொண்டிருக்கிறேனா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் இதைக் கவனித்தாள். ஒன்றும் விசாரிக்காமல், "ஆன்ட்டி, நீங்க ஆரஞ்சுச் சுளைத் தட்டை வச்சுக்கோங்க, நான் தண்ணியைப் பார்த்துக்கறேன்" என்று தட்டை என் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்துவிட்டாள். காரணம் கேட்காமல் வேலையை மாற்றிக் கொடுத்த அந்த நயத்தை எந்த ஆலோசகரிடமும் நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை மிகச் சாதாரணமானவை. "உப்பு இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று இன்னொருவர். "இன்னும் எத்தனை கிலோமீட்டர்?" என்று மூச்சிரைக்கக் கேட்டவருக்கு நான் பதில் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். ஒருவர்கூட நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை! தொப்பிக்குள் முடி இல்லை என்பதோ, சட்டைக்குள் ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது என்பதோ அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஆரஞ்சுச் சுளை. அது என்னிடம் இருந்தது. நோயாளியாக இருந்த காலமெல்லாம் எனக்குக் கிடைக்காமல் போனது இந்தச் சாதாரணம்தான் என்பதை அங்கே நின்றபோது கண்டுகொண்டேன்.

இன்பத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேச வேண்டும். "இந்த நிலைமையில இதெல்லாம் தேவையா?" என்ற கேள்வியை நம்மில் கேட்காதவர் இருக்க மாட்டோம். நோய் வந்தவர் சோகமாக இருந்தால் ஊருக்குத் திருப்தி. சிரித்துக்கொண்டு வெயில் தொப்பி போட்டுக் கிளம்பினால் ஒரு சந்தேகம். கீமோ நாட்களில் வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த இரும்பைச் சுவைப்பதுபோல் இருந்த நாக்குக்கு, போட்டி முடிந்து தொண்டர்களுக்குக் கொடுத்த பொங்கலில் மிளகும் நெய்யும் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மெரினாப் பக்கம் சூரியன் மேலேறிக்கொண்டிருந்தது, கால் வலித்தது, அன்று பிற்பகல் முழுதும் தூங்கினேன். நல்ல தூக்கம்.

இந்த இடத்தில், நம்மைப் போன்றவர்களின் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் வீரக் கதைகளைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். யுவராஜ் சிங் 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். அடுத்த ஆண்டு நெஞ்சில் இருந்த கட்டிக்குக் கீமோ பெற்றார். 2012 செப்டம்பர் 11 அன்று நம் சேப்பாக்கத்தில்தான் இந்திய அணிக்குத் திரும்பி, நியூசிலாந்துக்கு எதிராக 26 பந்துகளில் 34 ரன் எடுத்தார். அந்த ஆட்டத்தை இந்தியா ஒரு ரன்னில் தோற்றது என்பதை யாரும் பெரிதாக நினைவில் வைக்கவில்லை, வைக்க வேண்டியதுமில்லை. மகிழ்ச்சியான கதை. ஆனால் சேப்பாக்கத்தில் மட்டை பிடிப்பது நம்மில் யாருக்கும் வாய்க்கப் போவதில்லை, "அவர் வென்றார், நீயும் வெல்" என்று கேட்கும்போது எனக்குக் களைப்புதான் கூடுகிறது.

டெர்ரி ஃபாக்ஸின் கதையை நான் வேறொரு பக்கத்திலிருந்து பார்ப்பேன். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த அந்தக் கனடிய இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்து, நுரையீரலுக்கு நோய் பரவியதால் தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார். அத்தனை நாளும் அவரோடு ஒரு வேன் வந்தது. அதை ஓட்டியவர் அவருடைய நண்பர் டக் ஆல்வர்ட். சமைத்துப் போட்டதும் அவர்தான். அந்த வேன் இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை. டெர்ரி ஃபாக்ஸ் பெயரில் 1981இலிருந்து நடக்கும் ஓட்டத்தில் முதல் பரிசு என்று ஒன்று கிடையாது, ஓடலாம், நடக்கலாம், சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் அது நடந்திருக்கிறது. நாட்டைக் கடந்து ஓடும் கால் நமக்கு இல்லாமல் போகலாம். வேனில் உட்கார இடம் இருக்கிறது.

இனி, போக நினைப்பவர்கள் செய்ய வேண்டியவை. முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், "போகலாமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது அவருக்கு எளிது. எத்தனை மணி நேரம், நிற்கும் வேலையா, வெயிலா, எவ்வளவு கூட்டம் என்று சொல்லிக் கேளுங்கள். கீமோ போட்டு ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் மிகவும் இறங்கும் காலம். அந்த வாரத்தில் கூட்டத்துக்குள் போகவே வேண்டாம், போட்டி அடுத்த மாதமும் நடக்கும். எந்த நாளானாலும் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கதிர்வீச்சுப் பட்ட தோலில் வெயில் படக் கூடாது. எலும்பு பலவீனம் என்று சொல்லப்பட்டவர்களும், அறுவை செய்த பக்கத்துக் கைக்குப் பயிற்சி கொடுக்காதவர்களும் தண்ணீர்க் கேனைத் தூக்க வேண்டாம், அதற்கு என்.எஸ்.எஸ். பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதம் மரத்துப் போனவர்கள் செருப்பை விட்டுவிட்டுப் பிடிப்புள்ள காலணி அணியுங்கள். சாலையில் விழுந்து கிடக்கும் காகிதக் கோப்பைகள் வழுக்கும்.

போட்டி நடத்துபவரிடம் நோயைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் சொல்லிவிடுவேன். ஒரு முறை ஓர் அமைப்பாளர், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று தயங்கி என்னைத் தவிர்த்துவிட்டார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. வேறு போட்டிக்குப் போனேன். குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கொண்டுபோய் விடுங்கள், முடிந்ததும் வந்து கூட்டிப் போங்கள், நடுவில் மட்டும் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கடைசியாக, சிகிச்சை முடியாதவர்கள், இனி முடியப் போவதில்லை என்று சொல்லப்பட்டவர்கள் சிலரும் இங்கே இருக்கிறீர்கள். நான் பேசியதெல்லாம் குணமானவர்களுக்கு மட்டுமே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த மாநிலம் இது. எல்லா மாவட்டங்களிலும் சிறுவர் சதுரங்கப் போட்டிகள் நடக்கின்றன. குளிர்ந்த கூடம், நாற்காலி, பெயர்ப் பட்டியல், வந்த பிள்ளைக்கு எந்தப் பலகை என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஒரு மணி நேரம் செய்துவிட்டு எழுந்து போனாலும் அந்த ஒரு மணி நேர வேலை நடந்ததுதான்.

அரங்கத்தின் வாசலருகே உள்ள மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வரும் மாதம் ஒரு பள்ளித் தடகளப் போட்டிக்கும் ஒரு சதுரங்கப் போட்டிக்கும் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் பெயரோடு, நின்று செய்ய முடியுமா, உட்கார்ந்துதான் முடியுமா என்பதையும், அடுத்த கீமோ எந்தத் தேதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் வேலையைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வணக்கம்.