துருசு இல்லாத குளங்கள்

வணக்கம் நேயர்களே.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை நம் திருகோணமலை மாவட்டத்தில் பலர் இன்னும் மறக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டுக்கு மேலால் தண்ணீர் வழிந்து உடைந்ததல்ல அது. உள்ளுக்குள் கசிவு அரித்து அரித்து உடைந்தது.

குளக்கட்டுகளோடு பல வருடம் வேலை செய்தவன் நான். கட்டின் அடியில் குந்தியிருந்து கசிவைக் கையில் ஏந்திப் பார்ப்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் வேலை. தெளிவாக வந்தால் மனம் ஆறும். கலங்கி வந்து, விரலிடுக்கில் மணல் நறநறத்தால், கட்டு உள்ளே கரைகிறது என்று அர்த்தம்.

இன்று இமயமலையில் இருக்கும் சில குளங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அங்கே பனிப்பாறை உருகிப் பின்வாங்கும்போது, அது இருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியாகிறது. ஏரியை மறித்து நிற்பது, பனிப்பாறை ஒருகாலத்தில் தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல்லும் மண்ணும் சேர்ந்த மேடு. யாரும் மிதித்து இறுக்காத கட்டு. சில இடங்களில் அதன் வயிற்றுக்குள் பழைய பனிக்கட்டி கிடக்கும். அது உருகினால் கட்டு தாழும். தண்ணீரைத் திறந்துவிடத் துருசும் இல்லை, மிகுதி நீர் வழிந்தோட ஒழுங்கான வானும் இல்லை.

இப்படியான ஏரியின் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது? செய்மதிப் படங்களை வருடவாரியாக வைத்துப் பார்த்தால் ஏரி வளர்வது தெரியும். படகில் போய் ஒலியலை விட்டு ஆழத்தை அளப்பார்கள். சரி, ஏரி பெரிது என்பதால் மட்டும் ஆபத்து என்று சொல்லிவிடலாமா? முடியாது. கட்டு எவ்வளவு அகலம், நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது, அடியில் கசிவு உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதோடு நிமிர்ந்து மலையையும் பார்க்க வேண்டும். ஏரிக்குள் விழுவதற்கு மேலே என்ன தொங்குகிறது என்பதுதான் பல இடங்களில் பெரிய கேள்வி. பனிப்பாறை பின்வாங்கப் பின்வாங்க, ஏரி செங்குத்துச் சரிவுகளை நோக்கியே வளர்கிறது.

இந்தியாவின் சிக்கிம் மாநிலத்தில் இருக்கும் தெற்கு லோனக் ஏரி ஆபத்தானது என்று முன்பே தெரியும். 2016இல் குழாய் போட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கியும் பார்த்தார்கள். 2023 ஒக்டோபர் 3ஆம் திகதி இரவு, பக்கத்து மேட்டில் உறைந்து கிடந்த மண் சரிந்தது. சுமார் ஒன்றரைக் கோடி கன மீற்றர். ஏரியில் 20 மீற்றர் அளவுக்கு அலை எழும்பி முன்கட்டை உடைத்தது. வெளியேறிய நீர் ஏறக்குறைய 5 கோடி கன மீற்றர். நம் கந்தளாய்க் குளம் நிரம்பினால் கொள்ளும் நீரில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தச் சரிவில் அது கல்லையும் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடியது. கீழே சுங்தாங் என்ற ஊரில் 60 மீற்றர் உயர அணையே போய்விட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காணாமல் போனவர்கள் அதைவிடக் கூட.

அந்த அணை கட்டி முடிந்து சில வருடங்கள்தான். ஏரி அப்படியே இருந்தாலும், கீழே ஒரு அணையோ ஒரு ஊரோ புதிதாக வந்தால் ஆபத்தின் கணக்கு மாறுகிறது. ஒருமுறை அளந்து அறிக்கையை அலுமாரியில் வைப்பது போதவே போதாது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, உலகில் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் இந்த ஏரிகளின் வெள்ளம் எட்டக்கூடிய இடங்களில் வாழ்கிறார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. நேபாளத்தில் எவரெஸ்டுக்குத் தெற்கே, 5,000 மீற்றர் உயரத்தில் இம்ஜா ஏரி இருக்கிறது. மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் இராணுவத்தினர் மாதக்கணக்கில் வேலை செய்து, கட்டில் வாய்க்கால் வெட்டி, 2016இல் நீர்மட்டத்தை 3 மீற்றருக்கு மேல் இறக்கினார்கள். வாய்க்காலுக்கு ஒரு கதவும் வைத்தார்கள். அப்புறம், கீழே உள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை ஒலிக்கும் ஏற்பாடும் செய்தார்கள்.

நன்றி, வணக்கம்.