மூடிப்போன கேம்ப்ளிங் வாலெட் பேர்ல மெயில் வருது, நம்பலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் பெரிய கேள்வி, நான் சுருக்கி படிக்கிறேன். "சார், நான் 2004, 2005 வாக்குல அமெரிக்காவுல வேலை பாத்தப்ப ஆன்லைன்ல போக்கர் விளையாடுவேன். அதுக்கு பணம் போட எடுக்க ஒரு இ-வாலெட் வச்சிருந்தேன். அந்த கம்பெனியே மூடி பல வருஷம் ஆச்சு. இப்ப ஒரு மாசமா அதே கம்பெனி பேர்ல மெயில் வருது, உங்க கணக்குல பாலன்ஸ் இருக்கு, லாகின் பண்ணி வெரிஃபை பண்ணா திருப்பி தர்றோம்னு. அனுப்புனவங்க அட்ரஸை பாத்தேன், அப்ப வந்த அதே அட்ரஸ்தான், எழுத்து கூட மாறல. மெயில்ல என் பழைய வீட்டு அட்ரஸும் சரியா இருக்கு. இது உண்மையா இருக்க வாய்ப்பு இருக்கா?" அப்டின்னு கேட்டிருக்காரு.

நல்ல கேள்விங்க. ஏன்னா நாம எல்லாருமே சொல்லிட்டு இருக்கோம்ல, அனுப்புற அட்ரஸை பாருங்க, ஸ்பெல்லிங் பாருங்க, பூட்டு சிம்பல் இருக்கான்னு பாருங்கன்னு, அந்த அட்வைஸ் எதுவுமே இந்த கேஸ்ல வேலை செய்யாது. கம்பெனி உயிரோட இருக்கிற வரைக்கும்தான் அந்த டெஸ்ட் எல்லாம். மூடிப்போன கம்பெனிக்கு வேற கணக்கு.

முதல்ல அட்ரஸ் விஷயத்துக்கு வரேன். டொமைன்னு சொல்றோம்ல, அந்த டாட் காம் பேரு, அதை யாரும் சொந்தமா வாங்குறது கிடையாது, வருஷ வாடகைதான். வாடகை கட்டாம காலி பண்ணிட்டு போன வீட்டுல பழைய ஆளோட பேர்ப்பலகை அப்டியே தொங்குது, புதுசா குடி வந்தவன் அதை கழட்டாம அந்த பேரை சொல்லியே ஊரெல்லாம் கடன் கேக்குறான், அந்த மாதிரிதான் இது. டாட் காம் பேருக்கு காலாவதி ஆனதும் அதிகபட்சம் 45 நாள் சலுகை காலம் இருக்கும், அப்புறம் 30 நாள் பழைய ஓனரே கூடுதல் பணம் கட்டி மீட்டுக்கலாம், அப்புறம் 5 நாள் டெலீட் லைன்ல நிக்கும், அவ்ளோதான், அதுக்கப்புறம் யார் வேணா எடுத்துக்கலாம். நடைமுறையில பழைய பேருன்னா அதுக்கு முன்னாடியே ஏலத்துக்கு போயிடும். எடுக்கிறவன் யாரு, எதுக்கு எடுக்கிறான்னு யாரும் கேக்க மாட்டாங்க.

எடுத்த அடுத்த நிமிஷத்துல இருந்து வாடகை கட்டுற வரைக்கும் அந்த டொமைன் சட்டப்படி அவன் கையிலதான். அப்ப சப்போர்ட்னு போட்டு அந்த பேர்ல ஒரு மெயில் ஐடி உருவாக்கி அனுப்புனா அது போலி அட்ரஸ் கூட கிடையாது, நிஜ அட்ரஸ். ஜிமெயில்ல ஷோ ஒரிஜினல்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு செக் காட்டும், பாஸ் ஆகியிருக்கா இல்லையான்னு. அவன் ஒழுங்கா செட் பண்ணியிருந்தா இந்த மெயில்ல மூணுமே பாஸ்னுதான் வரும். அந்த செக் எல்லாம் "இந்த டொமைனுக்கு இப்ப யார் ஓனரோ அவங்க அனுமதியோடதான் மெயில் வந்திருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லும், ஓனர் மாறிட்டாரான்னு அதுக்கு தெரியாது. பூட்டு சிம்பலும் அப்டித்தான், லெட்ஸ் என்க்ரிப்ட் மாதிரி இடத்துல டொமைன் கையில இருந்தா போதும், அந்த பூட்டுக்கு வேண்டிய சர்டிஃபிகேட் இலவசமாவே கிடைச்சிடும்.

இன்னொன்னு, இதை பெருசா யாரும் பேசறதில்ல. பாஸ்வேர்ட் மேனேஜர் வச்சிருந்தா போலி சைட்ல அது தானா பாஸ்வேர்டை நிரப்பாது, அதனால பாதுகாப்புன்னு நானே பல வீடியோவுல சொல்லியிருக்கேன், பொதுவா அது சரிதான். ஆனா இங்க டொமைன் அதே டொமைன். பழைய என்ட்ரி அதுல இருந்துச்சுன்னா சமத்தா எடுத்து நிரப்பிடும். அதனால செத்துப்போன சர்வீஸ் என்ட்ரி எல்லாம் இருந்தா இன்னிக்கே தூக்கிடுங்க. கூடவே உங்க கான்டாக்ட்ஸையும் ஒரு தடவை பாருங்க. அந்த காலத்துல இந்த வாலெட் கம்பெனிங்க எல்லாம் "எங்க மெயில் ஸ்பாமுக்கு போகாம இருக்க அட்ரஸ் புக்ல சேத்துக்கோங்க"ன்னு கேப்பாங்க, நாமளும் சேத்திருப்போம், ஃபில்டர் கூட போட்டிருப்போம். அது இன்னும் இருந்தா இந்த மெயில் நேரா இன்பாக்ஸ்லதான் வந்து உக்காரும்.

அடுத்து, பழைய வீட்டு அட்ரஸ் சரியா இருக்குன்னு சொல்லியிருக்காரு, மோசடிக்காரனுக்கு அது எப்டி தெரியும்? லீக் ஆன டேட்டாங்க, வேற ஒன்னும் இல்ல. உதாரணத்துக்கு ஒன்னு சொல்றேன், இது உங்க கம்பெனின்னு சொல்லல. நெட்டெல்லர்னு ஒரு வாலெட், இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு, சூதாட்ட சைட்டுக்கு பணம் போட உலகம் பூரா யூஸ் பண்ணாங்க. 2010ல அங்க இருந்து 36 லட்சத்துக்கு மேல கணக்குகளோட விவரம் திருடு போச்சு, அது வெளிய தெரிஞ்சதே 2015ல. அதே சமயம்தான் மணிபுக்கர்ஸ், இப்ப ஸ்க்ரில்னு சொல்றோமே, அதுல இருந்து 2009ல போன 45 லட்சம் பேரோட விவரமும் தெரிய வந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல யாருக்குமே தெரியல! அதுல பேரு, வீட்டு அட்ரஸ், போன் நம்பர், பிறந்த தேதின்னு எல்லாம் இருந்துச்சு. பெரிய கம்பெனிக்கே இந்த கதின்னா, மூடுற நிலைமையில இருந்த ஒரு சின்ன கம்பெனி அதோட கஸ்டமர் லிஸ்ட்டை எப்டி பாதுகாத்திருக்கும்னு நினைக்கிறீங்க? அதனால மெயில்ல உங்க விவரம் சரியா இருந்தா "டேட்டா லீக் ஆயிருக்கு"ன்னுதான் எடுத்துக்கணும், "கம்பெனிதான் அனுப்பியிருக்கு"ன்னு எடுத்துக்க கூடாது.

இப்ப முக்கியமான இடம், உண்மையா இருக்க வாய்ப்பு இருக்கான்னு கேட்டாரு. சும்மா ஒரே வார்த்தையில இல்லைன்னு சொல்லிட்டு போயிடலாம், ஆனா அது நேர்மையான பதில் இல்ல. ஏன்னா இந்த மாதிரி பணம் நிஜமாவே திரும்பி வந்த வரலாறு இருக்கு, அதனாலதான் இந்த மோசடி இவ்ளோ நல்லா ஓடுது.

2006 அக்டோபர் 13ஆம் தேதி அமெரிக்காவுல அதிபர் புஷ் ஒரு சட்டத்துல கையெழுத்து போட்டாரு, யுஐஜிஇஏன்னு சுருக்கமா சொல்லுவாங்க. துறைமுக பாதுகாப்பு சட்டத்தோட சேத்து ஒட்டி நிறைவேத்துனாங்க அதை. சட்டவிரோத ஆன்லைன் சூதாட்டத்துக்கு பணம் போற வழியை அடைக்கிறதுதான் அதோட வேலை. அடி விழுந்தது முக்கியமா வாலெட் கம்பெனிங்க மேல. 2007 ஜனவரியில நெட்டெல்லரோட ஸ்தாபகர்கள் ரெண்டு பேரை அமெரிக்காவுல கைது பண்ணாங்க, உடனே கம்பெனி அமெரிக்க சேவையை நிறுத்திடுச்சு, அங்க இருந்த ஆளுங்க பணம் எல்லாம் மாசக்கணக்குல முடங்கிப் போச்சு. அப்புறம் அந்த வருஷம் ஜூலையில அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டு, 136 மில்லியன் டாலரை அரசுக்கு விட்டுக்கொடுத்துட்டு, கஸ்டமர்களுக்கு சேர வேண்டிய சுமார் 94 மில்லியன் டாலரை திருப்பி கொடுத்தாங்க. இபாஸ்போர்ட்டேன்னு இன்னொன்னு, 2010 செப்டம்பர்ல விசா கார்டு சேவை நின்னதும் அடுத்த மாசமே கடையை மூடிட்டாங்க. ஃபுல் டில்ட் போக்கர்னு ஒரு ஆன்லைன் போக்கர் சைட், அதோட கதையும் சொல்லணும், 2011 ஏப்ரல் 15, அமெரிக்க அரசு பெரிய போக்கர் சைட்டுங்களை முடக்குன நாள், போக்கர் ஆளுங்க கருப்பு வெள்ளின்னு சொல்லுவாங்க. அதுல பணம் மாட்டுன அமெரிக்க ஆட்டக்காரங்களுக்கு அமெரிக்க அரசோட நீதித்துறை மூலமா கார்டன் சிட்டி குரூப்னு ஒரு நிர்வாகியை போட்டு, மனு வாங்கி, 2014 பிப்ரவரியில இருந்து பணம் போக ஆரம்பிச்சுது. கிட்டத்தட்ட மூணு வருஷம் கழிச்சு!

அந்த நிஜ ரீஃபண்டுக்கே மெயில்தான் வந்துச்சு, அதுலயும் பேங்க் கணக்கு விவரம் கேக்கத்தான் செஞ்சாங்க. அதனால "உண்மையானவங்க பேங்க் விவரமே கேக்க மாட்டாங்க"ன்னு பொத்தாம்பொதுவா சொல்றது தப்பு. அப்ப வித்தியாசம் எங்கன்னா, அந்த விஷயம் நீதித்துறையோட சொந்த வெப்சைட்ல இருந்துச்சு, பத்திரிகையில வந்துச்சு, கடைசி தேதி இருந்துச்சு, காசு கட்டுன்னு யாரும் கேக்கல. மெயிலை தொடாமலே வெளிய இருந்து அந்த விஷயத்துக்கு நீங்க போய் சேர முடிஞ்சுது. உங்க கேஸ்ல அந்த மெயிலை விட்டா வேற எங்கயாவது இந்த ரீஃபண்ட் பத்தி ஒரு வரி இருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா முடிஞ்சுது.

சந்தேகம் தீரணும்னா ஒரு டெஸ்ட் இருக்கு, லிங்க்ல கை வைக்காமலே பண்ணலாம். டொமைன் பேருங்களை ஒருங்கிணைக்கிற ஐக்கான் அமைப்போட சைட்ல டொமைன் தேடுற வசதி இருக்கு, முன்னாடி ஹூஇஸ்னு சொல்லுவோம், 2025 ஜனவரியில இருந்து ஆர்டாப்னு மாத்திட்டாங்க, நமக்கு ரெண்டும் ஒன்னுதான். அந்த டொமைன் பேரை போட்டு உருவான தேதியை பாருங்க. நீங்க 2004ல யூஸ் பண்ண கம்பெனி, டொமைன் உருவான தேதி போன வருஷம்னு காட்டுச்சுன்னா, நடுவுல அது செத்து வேற யாரோ எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். பழைய தேதியே காட்டுனா சந்தோஷப்பட்டுடாதீங்க, ஏலத்துல கை மாறுனா தேதி மாறாது. அதுக்கு வேபேக் மெஷின்னு பழைய வெப்சைட்டுங்களை சேமிச்சு வைக்கிற இடத்துல போய் அந்த சைட்டோட பழைய பக்கங்களை வருஷ வாரியா பாருங்க. வாலெட் கம்பெனி, அப்புறம் மூடிட்டோம்னு அறிவிப்பு, அப்புறம் சில வருஷம் வெறும் விளம்பரப் பக்கம், திடீர்னு மறுபடி வாலெட் கம்பெனின்னு இருந்தா, நான் சொல்லவே வேணாம்.

உள்ள போய் பாத்தா என்ன ஆகும்னு சில பேருக்கு கை அரிக்கும். தப்பான பாஸ்வேர்ட் போட்டு பாப்போம், ஏத்துக்கிட்டா போலின்னு தெரிஞ்சிடும்ல அப்டின்னு ஒரு ஐடியா சுத்திட்டு இருக்கு. வேணாங்க. முதல் தடவை வேணும்னே தப்புன்னு காட்டுற பேஜ் நிறைய இருக்கு, நீங்க கடுப்பாகி உங்க கிட்ட இருக்கிற வேற வேற பாஸ்வேர்டை எல்லாம் வரிசையா போடுவீங்கன்னுதான். உள்ள போனதும் பாலன்ஸ்னு ஒரு தொகை காட்டும், அது வெறும் எழுத்து, என்ன நம்பர் வேணா போட்டுக்கலாம். அடுத்து பாஸ்போர்ட் ஸ்கேன் கேப்பான், கையில பிடிச்சு ஒரு செல்ஃபி கேப்பான், பணத்தை ரிலீஸ் பண்ண ஒரு சின்ன ப்ராசஸிங் ஃபீஸ், அதையும் கிரிப்டோவுல கட்டுன்னுவான். அந்த ஃபீஸ் கட்டுனா டாக்ஸ்னு இன்னொன்னு வரும்.

கட்டாதவங்களுக்கு வேற ரூட். நீ சூதாடுன கணக்கு எங்ககிட்ட இருக்கு, வீட்டுல சொல்லவா, ஆபீஸ்ல சொல்லவான்னு மிரட்டல் மெயில், நிஜமான பழைய பாஸ்வேர்ட் ஒன்னையும் மேல போட்டு அனுப்புவான். அதுவும் இந்த மாதிரி ஏதோ ஒரு லீக்ல இருந்து எடுத்ததாத்தான் இருக்கும், உங்க கம்ப்யூட்டருக்குள்ள யாரும் வந்துடல. பதில் போடாதீங்க. சூதாடுனவன் வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்ல மாட்டான்னுதான் இவங்க இந்த லிஸ்ட்டை தேடி வாங்குறதே. வீட்டுல நீங்களே முன்னாடி சொல்லிட்டீங்கன்னா அவன்கிட்ட விக்கிறதுக்கு சரக்கு இல்ல.

ஒருவேளை நிஜமாவே ஏதோ பணம் மிச்சம் இருக்குமோன்னு மனசு கேக்கலைன்னா, அதுக்கு நேர் வழி இருக்கு. அமெரிக்காவுல கேட்பாரில்லாத பணத்தை கம்பெனிங்க மாநில அரசுகிட்ட ஒப்படைக்கணும்னு சட்டம். நீங்க அப்ப எந்த மாநிலத்துல இருந்தீங்களோ அந்த அரசோட அன்க்ளெய்ம்ட் ப்ராப்பர்ட்டி பக்கத்துல பேரை போட்டு தேடலாம், பல மாநிலத்தை சேத்து தேட மிஸ்ஸிங்மணின்னு ஒரு சைட் இருக்கு, காசு கிடையாது. அட்ரஸை நீங்களே டைப் பண்ணி போங்க. வெளிநாட்டுல இருந்து நடந்த வாலெட்டா இருந்தா அதுல வர்ற வாய்ப்பு கம்மிதான், ஆனா தேடி பாக்குறதுல நஷ்டம் இல்ல.

ஏற்கனவே லாகின் பண்ணிட்டேன்னா? அந்த பாஸ்வேர்டை வேற எங்கெல்லாம் வச்சிருக்கீங்களோ அங்கெல்லாம் மாத்துங்க, முதல்ல மெயில் கணக்கு. செக்யூரிட்டி கேள்வி பதிலையும் மாத்தணும், இதை எல்லாரும் மறந்துடுவாங்க, 2005ல கொடுத்த அம்மா பேரும் ஸ்கூல் பேரும்தான் இன்னிக்கும் பேங்க்ல இருக்கும். கார்டு நம்பர் கொடுத்திருந்தா பேங்குக்கு போன் பண்ணி ப்ளாக் பண்ணிடுங்க. ஸ்க்ரீன் ஷேர் ஆப் ஏதாவது போட சொல்லி போட்டிருந்தா நெட்டை கட் பண்ணிட்டு அதை தூக்குங்க, அப்புறம் வேற ஒரு போன்ல இருந்து பாஸ்வேர்ட் மாத்துங்க. இதெல்லாம் முடிஞ்ச கையோட "போன பணத்தை மீட்டு தர்றோம்"னு ஒருத்தன் வருவான் பாருங்க, அவனும் அதே கூட்டம்தான்.

மெயிலை என்ன பண்றது? அதுல இருக்கிற அன்சப்ஸ்க்ரைபை தொடாதீங்க, இந்த ஐடியில ஆள் உயிரோட இருக்காருன்னு நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும். ரிப்போர்ட் ஃபிஷிங் கொடுங்க, சும்மா டெலீட் பண்றதை விட அது நல்லது, அடுத்தவங்களுக்கு வர்றதும் கொஞ்சம் குறையும். மிரட்டல் மெயில் ஏதாவது வந்திருந்தா அதை மட்டும் அழிக்காம வச்சுக்கோங்க, புகார் கொடுக்கணும்னா ஹெட்டரோட, அதாவது மெயில் எந்த வழியா வந்துச்சுங்கிற விவரத்தோட கேப்பாங்க. சரிங்க, அடுத்து ஒருத்தர் ரெண்டு சிம்முக்கு ஒரே ஓடிபி வருதுன்னு கேட்டிருக்காரு, அதை பாப்போம்.